கடைமடையிலிருந்து தொடங்குவோம்

2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு. திருச்சி முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் அடுத்தடுத்து இடிந்து ஆற்றில் விழுந்தன. மொத்தம் ஒன்பது மதகுகள். ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய அணை அது. மேட்டூர் நிரம்பி, உபரி நீர் கொள்ளிடத்தில் கரைபுரண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. அதே நாட்களில் நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் கடைமடையில் பல வாய்க்கால்கள் வெறுந்தரையாகக் கிடந்தன. நேரடி விதைப்பு செய்தவர்கள், முளைத்த பயிர் காய்வதைப் பார்த்தபடி வரப்பில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்தில் இரண்டு தலைமுறை வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. முன்கூட்டியே முகாம்களுக்கு மக்களை அழைத்துப் போனதால் பல உயிர்கள் தப்பின. வாழ்வாதாரத்தைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போக யாராலும் முடியாது.

வெள்ளம், வறட்சி, புயல் மூன்றும் ஒரே ஆண்டில், ஒரே வட்டாரத்தில். பருவநிலை மாற்றம் என்று சொன்னதும் நமக்குத் துருவப் பனி நினைவுக்கு வருகிறது. 2100ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. காவிரி டெல்டாவின் கடைமடைக்காரருக்கு அது 2018. அதற்கு முன்னால் 2016: தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்த ஆண்டு. அதற்குப் பின்னால் 2022, 2023, 2024 என்று வரிசை நீள்கிறது.

டெல்டாவைத் தயார்படுத்துவது பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் மேட்டூரிலிருந்து தொடங்குகிறோம். அணையில் எத்தனை அடி, பிலிகுண்டுலுவில் எத்தனை டி.எம்.சி., கர்நாடகம் திறந்ததா இல்லையா? இவை உயிர்ப்பான கேள்விகள்தாம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த 177.25 டி.எம்.சி.யில் ஒரு துளியைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் எப்படி வருகிறது என்று நூறாண்டாகப் பேசிய நாம், அது எப்படி வெளியேறுகிறது என்று பேசியது மிகக் குறைவு. இனி வரப்போகும் காலத்தில் டெல்டாவின் விதியை வடிகாலும் கடலோரமும்தான் முடிவு செய்யும். அதனால் இந்தப் பயணத்தைக் கடலிலிருந்து மேற்கு நோக்கித்தான் நடக்க வேண்டும்.

ஜூன் 12 என்னும் தேதி

முதலில் நாள்காட்டியைப் பார்த்துவிடலாம். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12இல் திறப்பது, ஜனவரி 28இல் மூடுவது என்பது வழக்கம். இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் குறுவையும் சம்பாவும் தாளடியும் அடங்க வேண்டும். நடைமுறையில், அந்தத் தேதியில் திறந்த ஆண்டுகளைவிடத் தள்ளிப்போன ஆண்டுகளே அதிகம். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஜூன் 12 வாய்க்கவில்லை. 2022இல் அணை நிரம்பும் நிலையில் இருந்ததால் மே 24ஆம் தேதியே திறந்தார்கள்; தூர்வாரும் பணி நடந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்தது. 2023இல் உரிய நாளில் திறந்து, அக்டோபரிலேயே மூட வேண்டியதாயிற்று. 2024இல் திறந்தது ஜூலை 28.

தண்ணீர் ஒன்றரை மாதம் தாமதித்தால் என்ன ஆகும்? குறுவை போய்விடும். ஆழ்துளைக் கிணறு உள்ளவர் தப்பிப்பார். நிலத்தடியில் உப்புநீர் மட்டுமே உள்ள கடலோரத்தில் அதற்கும் வழியில்லை. சம்பா விதைப்பு பின்தங்கும். இளம் பயிர் வேர் பிடிக்கும் முன்பே ஐப்பசி மழை கொட்டும். அறுவடை பிப்ரவரிக்குத் தள்ளிப்போகும். பட்டம் தவறினால் நட்டம் என்று சொன்னவர்களுக்குத் தெரியும், இது சங்கிலி. ஒரு கண்ணி விலகினால் அடுத்ததும் விலகும்.

மழையும் முன்போல நாள் பிரித்துப் பெய்வதில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கும் ஈரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். சுமந்ததை ஒரே மூச்சில் இறக்கும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. பெய்தது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. அன்று சீர்காழி, தரங்கம்பாடி வட்டாரம் முழுக்க வயல் எது, வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியாமல் ஒரே நீர்ப்பரப்பாகக் கிடந்தது. அரசு குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தது. மூழ்கிய சம்பாவில் ஏக்கருக்கு எவ்வளவு போயிற்று என்று ஒரு விவசாயியிடம் கேட்டிருந்தால், அந்த ஆயிரத்தின் எடை தெரிந்திருக்கும்.

டெல்டாவின் பழைய விவசாயிகள் இந்த நிச்சயமின்மைக்கு ஒரு விடை வைத்திருந்தார்கள். ‘உடு’ என்று பெயர். குறுகிய வயது நெல்லையும் ஒட்டடை என்னும் நீண்ட வயது நெல்லையும் கலந்து ஒரே வயலில் விதைப்பார்கள். முதலாவது அறுவடையானதும், அறுத்த தாளுக்கு நடுவிலிருந்து இரண்டாவது எழுந்து நிற்கும். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும். விளைச்சல் கணக்கில் தோற்றுப்போனதால் அது வழக்கொழிந்தது. அந்தச் சாகுபடி முறையை அப்படியே திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. அதற்குள் இருந்த புத்தியைக் கொண்டுவரலாம். ஏப்ரல், மே மாதத்திலேயே அணை இருப்பையும் பருவமழை முன்கணிப்பையும் வைத்து, ‘ஜூனில் தண்ணீர் வந்தால் இந்த ரகம், ஜூலை கடைசியானால் இந்த ரகம், ஆகஸ்டானால் நேரடி விதைப்பு’ என்று வட்டார வாரியாக அறிவித்து, மூன்றுக்குமான விதையை வேளாண் விரிவாக்க மையங்களில் தயாராக வைத்திருக்க வேண்டும். இன்று தண்ணீர் வந்த பிறகுதான் விதை தேடும் ஓட்டம் தொடங்குகிறது.

வடியாத தண்ணீர்

நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பு. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆறு மூன்றாகப் பிரியும் இடம். அங்கிருந்து கிழக்கே போகப்போக ஆறுகள் விரல்களைப்போல விரிந்து பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, முள்ளியாறு என்று பெயர் மாறிக்கொண்டே கடலைத் தேடும். இவற்றில் பல, மேல்பகுதியில் பாசன ஆறு. கீழ்ப்பகுதியில் வடிகால் ஆறு. தலைப்பில் உள்ளவர் வயலில் வடிந்த நீர் அடுத்தவருக்குப் பாசன நீர். கடைசியில் இருப்பவருக்கு எல்லோருடைய வடிகால் நீரும் வந்து சேரும். வறட்சியில் கடைசியாகப் பெறுபவரும் அவரே. வெள்ளத்தில் எல்லோருடைய நீரையும் சுமப்பவரும் அவரே. கடைமடை என்ற சொல்லுக்குள் இந்த இரட்டைத் துயரம் இருக்கிறது.

நிலத்தின் சரிவோ மிக மிகக் குறைவு. கடலோரத்தில் பல ஊர்கள் கடல் மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. வயல் தண்ணீர் கன்னி வாய்க்காலில் இறங்கி, வடிவாய்க்காலில் சேர்ந்து, வடிகால் ஆற்றில் விழுந்து, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். இதில் எந்த இடத்தில் முடிச்சு விழுந்தாலும் தண்ணீர் வயலுக்கே திரும்பும். அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏறினால் ஆற்று நீர் வெளியேறாமல் நின்றுவிடும். மழையும் ஓதமும் ஒரே நாளில் வாய்த்தால் சொல்லவே வேண்டாம்.

முடிச்சுகளை யாரும் தேடிப்போக வேண்டியதில்லை. சாலையில் போகும்போதே தெரியும். வடிகாலை நிரப்பி நிற்கும் வெங்காயத்தாமரை, கரையிலிருந்து நடு ஆறுவரை இறங்கிவிட்ட நெய்வேலிக் காட்டாமணக்கு, அகலமான பழைய வாய்க்காலின் குறுக்கே சாலை போட்டவர்கள் வைத்துவிட்டுப் போன ஒற்றைச் சிமென்ட் குழாய், மண்ணடித்து மேடாக்கிய மனைப்பிரிவுகள், கடலோரத்தில் வடிகாலை மறித்து எழுந்த இறால் பண்ணைகள். இறால் பண்ணைகளை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு பிறந்த மண் நாகப்பட்டினம் கடலோரம். அவரும் மனைவி கிருஷ்ணம்மாளும் அன்று எழுப்பியது பருவநிலை மாற்றக் கேள்வி என்று யாரும் சொல்லவில்லை. இன்று திரும்பிப் பார்த்தால் அது அந்தக் கேள்வியேதான்: கடலோர நிலம் யாருக்காக, தண்ணீர் எந்த வழியாக?

ஆண்டுதோறும் கோடையில் தூர்வாருகிறோம். மேட்டூர் திறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பொக்லைன்கள் தலைப்புப் பகுதியிலிருந்து இறங்கி வருகின்றன. ஏ, பி என்று வகைப்படுத்திய ஆறுகளும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத் துறையின் கையில். வயலை ஒட்டிய சி, டி வாய்க்கால்களை வேளாண் பொறியியல் துறை பார்க்கிறது. மதகையும் கரையையும் பகலிரவாகப் பார்த்துக்கொண்ட லஸ்கர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துவிட்டது. பாசன வாய்க்காலுக்குக் கேட்க ஆள் உண்டு. தண்ணீர் வரவில்லை என்றால் சாலை மறியல் நடக்கும். வடிகாலுக்குக் கேட்க ஆள் இல்லை. மழைக்காலம் வரும்வரை அது ஒருவர் கண்ணிலும் படுவதில்லை.

இங்கே ஒரு எளிய விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மே மாதம் அள்ளிப்போட்ட வெங்காயத்தாமரை செப்டம்பருக்குள் மறுபடி வாய்க்காலை மூடிவிடும்; அவ்வளவு வேகமாக வளரும் களை அது. அதனால் கோடையில் செய்யும் தூர்வாரல் பாசனத்துக்கு உதவும், வடிகாலுக்கு முழுதாக உதவாது. புரட்டாசியில், அடைமழைக்கு முன்பு, வடிகால்களுக்கென்று இரண்டாவது சுற்று வேண்டும். அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஊர் ஆட்களே களையெடுத்துக் கரையேற்றலாம். ஊரக வேலைத் திட்டத்தின் நாட்களை இதற்கு ஒதுக்கினால் கூலியும் ஊரில் நிற்கும், பயிரும் நிற்கும். நட்டு இருபது நாள் ஆன சாதாரண சம்பாப் பயிர் முழுக்க மூழ்கி ஒரு வாரத்துக்குமேல் கிடந்தால் பெரும்பாலும் அழுகிப்போகும். இரண்டு நாளில் வடிந்தால் உரமிட்டுத் தேற்றிவிடலாம். அந்த இரண்டு நாளுக்கும் ஏழு நாளுக்கும் நடுவில் இருப்பது ஒரு வடிவாய்க்கால்.

பெரிய அளவில் வேலையே நடக்கவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. வெண்ணாறு உபவடிநிலத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் 10 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. பருவநிலை மாற்றத்துக்குத் தகவமைத்தல் என்ற பெயரோடே வந்த திட்டம். கரைகள் உயர்ந்தன, இயக்கு அணைகள் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் பெரிய ஆறு எவ்வளவு சீராக இருந்தாலும், அதில் வந்து சேரும் சிறு வடிகால் அடைபட்டிருந்தால் வயலில் நிற்கும் தண்ணீர் வயலிலேயேதான் நிற்கும். கடன் வாங்கிக் கட்டுவது ஒருமுறை. பராமரிப்பது ஒவ்வொரு ஆண்டும். நம் திட்டங்களில் முதலாவதற்குக் கோடிகள் இருக்கின்றன. இரண்டாவதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

உப்பு ஏறும் நிலம்

கடல் மட்டம் உலக அளவில் 1901க்கும் 2018க்கும் இடையே சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, உயரும் வேகமும் கூடிவருகிறது. டெல்டாவுக்கு இதில் தனியாக ஒரு ஆபத்து உண்டு. டெல்டா என்பது ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். ஒவ்வொரு வெள்ளமும் ஒரு மெல்லிய அடுக்கைப் போட்டதால்தான் நிலம் கடலுக்கு மேலே நின்றது. இன்று வண்டல் அணைகளுக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. மிச்சமிருந்த மணலைக் கொள்ளிடத்திலிருந்து லாரி லாரியாக அள்ளினோம். நிலத்தடி நீரை உறிஞ்சினோம். கடல் ஏறும் அதே நேரத்தில் நிலத்தை நாமே தாழ்த்திக்கொண்டிருக்கிறோம்.

விளைவு உப்பு. கோடையில் ஆற்றில் நன்னீர் இல்லாதபோது கடல்நீர் முகத்துவாரம் வழியே பல கிலோமீட்டர் உள்ளே வருகிறது. கொள்ளிடக் கரையோரக் கிராமங்களிலும் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்திலும் கைப்பம்பில் உப்புத் தண்ணீர் வருவது புதிய செய்தியல்ல. வேதாரண்யம் இன்று குடிப்பது கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் கூட்டுக் குடிநீர். கடைமடை இயக்கு அணைகளின் வேலையே நன்னீரைத் தேக்கிக் கடல்நீரைத் தடுப்பதுதான். ஆனால் உப்புக்காற்றில் இரும்பு ஷட்டர் துருப்பிடிக்க எத்தனை ஆண்டு ஆகும்? ஷட்டர் துருவில் இறுகி ஓட்டை விழுந்த அணை, வெள்ளத்தில் தண்ணீரை விடாது; கோடையில் உப்பை விடும். துருப்பிடிக்காத பொருளில் ஷட்டர், அதை இயக்கத் தெரிந்த ஓர் ஆள், ஓத நேரம் பார்த்துத் திறந்து மூடும் ஒழுங்கு. இந்தச் சாதாரண வேலைகளைத் தகவமைப்பு என்று சொல்ல நமக்குத் தயக்கமாக இருக்கிறது. கடைமடையில் தகவமைப்பு என்பது பெரும்பாலும் இத்தகைய வேலைதான்.

கடலுக்கும் நிலத்துக்கும் நடுவில் இன்னொரு காவல் இருக்கிறது: அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவது என்று பெயரிலேயே அதன் பணியைச் சொல்லிவைத்த மொழி நம்முடையது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கி ஆறு, மரைக்காகோரையாறு எல்லாம் வந்து கலக்கும் முத்துப்பேட்டைக் காயலைச் சுற்றி அந்தக் காடு நிற்கிறது. 2004 சுனாமியில் பிச்சாவரத்தின் அலையாத்திகளுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும் சேதத்திலிருந்து தப்பியதை உலகமே பேசியது. கஜாவில் முத்துப்பேட்டைக் காடு அடிபட்டது. ஆனால் காற்றின் வேகத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டுதான் அடிபட்டது. சிதைந்த இடங்களில் மரக்கன்றை மட்டும் ஊன்றினால் பிழைக்காது. அந்தச் சேற்று மேடையில் உப்பு தேங்கிக் கிடப்பதுதான் நோய். வனத் துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கண்டுபிடித்த வழி, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓத நீர் உள்ளே வந்து வெளியேற விடுவது. நீர் ஓடத் தொடங்கியதும் விதைகள் வேர்விட்டன. இங்கேயும் விடை வடிகால்தான் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

சுனாமி உப்பாக்கிய வயல்களை மீட்ட கதையும் இதே போன்றது. மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, உப்பைத் தாங்கும் பழைய நெல்லை விதைத்தார்கள். பலரால் சில பருவங்களிலேயே மறுபடி அறுவடை செய்ய முடிந்தது. இந்தச் சேற்றுக்கும் உப்புப் புல்லுக்கும் பழகிய ஒரு மாட்டினமே நம்மிடம் உண்டு, உம்பளச்சேரி. உருவம் சிறியது, இடுப்பளவு சேற்றிலும் உழும். உழவு இயந்திரம் வந்த பிறகு அதன் எண்ணிக்கை குறைந்துவிட்டது. மேய்ச்சல் தரைகள் இருந்தால்தான் அந்த இனம் இருக்கும். மேய்ச்சல் தரைகள் இருந்தால்தான் வெள்ளத்துக்கு ஒதுங்க இடம் இருக்கும்.

ஒடிசாவிலிருந்து வந்த மரபணு

விதை விஷயத்தில் தமிழ்நாட்டில் இரண்டு அணிகள் உண்டு. பாரம்பரிய நெல்லே தீர்வு என்பது ஒன்று. ஆராய்ச்சி நிலைய ரகமே சோறு போடும் என்பது மற்றொன்று. எனக்கு இந்தச் சண்டையில் சலிப்புத்தான் மிஞ்சுகிறது. நீரில் இரண்டு வாரம் மூழ்கினாலும் சாகாத நெல்லை உருவாக்கிய கதையைப் பாருங்கள். எஃப்.ஆர். 13ஏ என்பது ஒடிசா விவசாயிகளின் பழைய நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம். மூழ்கியதும் அது உயர்ந்து வளர அவசரப்படாது. வளர்ச்சியை நிறுத்தி, மாவுச்சத்தைச் சேமித்துக்கொண்டு காத்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். அந்தக் குணத்துக்குரிய சப்1 மரபணுவை 2006இல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். வழக்கமான கலப்பு முறையில் அதைப் புகழ்பெற்ற ரகங்களுக்குள் கொண்டுவந்தார்கள். டெல்டாவில் பொன்மணி என்று அறிந்த சி.ஆர். 1009 நெல்லுக்குள் அது வந்து சி.ஆர். 1009 சப்1 ஆயிற்று. யாரோ ஒரு ஒடிசா உழவர் வெள்ளத்தில் பிழைத்த நெல்லைப் பத்திரப்படுத்தியிராவிட்டால் ஆய்வகத்துக்கு வேலையே இருந்திராது.

திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் செய்ததும் அந்தப் பத்திரப்படுத்தும் வேலைதான். இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வாரின் ஊக்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்பப் பெற்று, 170க்கும் மேற்பட்ட ரகங்களைப் பரப்பினார். கடலோர உவர் நிலத்துக்குக் குழியடிச்சான், ஆளுயரத் தண்ணீரிலும் நிற்கும் காட்டுயானம், குறுகிய வயதில் விளையும் பூங்கார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலமும் ஒரு காலமும் உண்டு. கஜா வீசிய சில வாரங்களில், 2018 டிசம்பர் 6இல் அவர் மறைந்தார். ஆடுதுறையில் 1922இலிருந்து இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையமும் அந்த விதைத் திருவிழாக்களும் ஒரே மேடையில் உட்கார வேண்டும். ஊருக்கு ஒரு விதை வங்கி, அதில் இரண்டு வகையும். பருவம் பொய்த்து மறு விதைப்பு தேவைப்படும் நாளில் விதை பத்து மைலுக்குள் கிடைக்க வேண்டும்.

வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் நெல் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களின் பதிவுகளை வைத்து 2004இல் ஓர் ஆய்வு சொன்னது. இரவில் பயிர் மூச்சுவிட்டே தன் சேமிப்பைச் செலவழித்துவிடுகிறது. தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் ஒரு வழி உண்டு. குறைந்த தண்ணீரில் விளைவிக்க நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, தண்ணீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால் 30 சதவீதம் வரை நீர் மிச்சம். சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேனும் பெரிதும் குறையும். ஆனால் முறைவைத்துத் தண்ணீர் விடும் கடைமடையில், அடுத்த முறை தண்ணீர் வரும் என்ற நிச்சயம் இல்லாதவர் வயலைக் காயவிடத் துணிவாரா? நம்பிக்கையான முறைப்பாசனம் இல்லாமல் இதை விவசாயியின் அறியாமை என்று பேசுவது அநியாயம்.

சாலையில் காயும் நெல்

அறுத்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் யாரும் எதிர்பாராத மழை. அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் சாய்ந்தன. கதிரிலேயே நெல் முளைத்தது. சேற்றில் டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டிதான் இறங்கும், அதன் வாடகை அதிகம். அரசு ஹெக்டேருக்கு 20 ஆயிரம் ரூபாய் அறிவித்தது. நெல்லுக்குப் பின் ஈரத்திலும் பனியிலும் விளையும் உளுந்தும் பயறும் பல இடங்களில் அந்த மழையிலேயே அழுகின.

குறுவை அறுவடையோ வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்திலேயே வருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஐப்பசி வானத்துக்குக் கீழே 17 சதவீதம் எப்படி வரும்? விவசாயி நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டி, இரவெல்லாம் தார்ப்பாயோடு காவல் இருக்கிறார். ஒவ்வொரு ஆண்டும் மாநில அரசு தளர்வு கேட்டுக் கடிதம் எழுதுகிறது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கிறது. அனுமதி வருவதற்குள் நெல் முளைக்கிறது. ஆண்டுதோறும் நடப்பதற்கு ஆண்டுதோறும் விலக்கு கேட்பது நிர்வாகம் ஆகாது. மழைக்காலக் கொள்முதலுக்கு என்று நிரந்தர விதி வேண்டும். கூரையிட்ட களமும், நிலையத்துக்கு ஓர் உலர்த்தும் இயந்திரமும் வேண்டும். இதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

அடங்கலில் பெயர் இல்லாதவர்கள்

இழப்பீடு யாருக்குப் போகிறது? சிட்டா, அடங்கல் வைத்திருப்பவருக்கு. டெல்டாவில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் சொந்தமான நிலம் ஏராளம். தனியார் நிலங்களிலும் வாய்மொழிக் குத்தகை பரவலாக உண்டு. உழுதவர் ஒருவர், பதிவேட்டில் உள்ள பெயர் வேறொருவர். பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி கட்டுவது 1.5 சதவீதப் பிரீமியம்தான். ஆனால் வாய்மொழிக் குத்தகைக்காரருக்கு அதற்குத் தேவையான அடங்கல் சான்றிதழே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இழப்பை வருவாய்க் கிராமம் முழுமைக்கும் சோதனை அறுவடை வைத்துக் கணிக்கிறார்கள். மேட்டு வயல் தப்பினால் பள்ளத்து வயலின் இழப்பும் கணக்கில் கரைந்துவிடும்.

அவருக்கும் கீழே நடவுப் பெண்கள் இருக்கிறார்கள். வயல் மூழ்கினால் அவர்களுக்குப் பருவத்தின் கூலியே போகிறது. எந்தப் பட்டியலிலும் அந்த இழப்பு ஏறுவதில்லை. கஜாவில் முதலில் பறந்தது அவர்களுடைய கூரை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் நிவாரணம் உண்டு. உச்சிவெயிலில் குனிந்து நாற்று நடுபவர் உயிரோடு இருக்கும்போதே பெற வேண்டியது வேலை நேர மாற்றம், நிழல், குடிநீர், மழையாலோ வெயிலாலோ வேலையிழந்த நாளுக்குக் கூலி. புயலைத் தாங்கும் வீடு இல்லாத ஊரைத் தயார்நிலையில் உள்ள ஊர் என்று எந்தத் திட்ட அறிக்கையும் எழுதக் கூடாது.

வடிகாலும் வீடும் கூலியும் ஒரே திட்டத்தின் உறுப்புகள். மாநிலத்தில் பருவநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. மாவட்டந்தோறும் ஆட்சியர் அதன் பொறுப்பில் இருக்கிறார். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது. காரைக்காலில் வானிலை ரேடார் சுழல்கிறது. கருவிகள் கையில் இருக்கின்றன. அந்த மாவட்டத் திட்டம் ஊராட்சி வரை இறங்கி வர வேண்டும். ஊருக்கு ஒரு வடிகால் வரைபடம், எந்த மதகு யார் பொறுப்பு, ஓதம் ஏறும் நாளில் யார் யாரை எழுப்புவது என்று எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

டெல்டாவில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மே 1 கிராம சபைக்குப் போங்கள். உங்கள் ஊரின் வடிவாய்க்கால் எங்கே தொடங்கி எந்த ஆற்றில் விழுகிறது, இடையில் எத்தனை குழாய்ப் பாலம், எத்தனை ஆக்கிரமிப்பு என்று நடந்து பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். அதைத் தீர்மானமாக்குங்கள். புரட்டாசியில் வடிகால் களையெடுக்க நாள் குறிக்கச் சொல்லுங்கள். நீர்வளத் துறைக்கும் ஒரு வேண்டுகோள்: மேட்டூர் திறப்புக்கு முன்னால் நடக்கும் தூர்வாரலில், வரும் கோடையில் முதல் பொக்லைன் முகத்துவாரத்தில் இறங்கட்டும்.